90 சதவீதம் எதை அளந்தது? சந்தனத் தைலத்தின் தரம் குறித்து ஒரு நிகழ்வு ஆய்வு

1930களில் பிரிட்டனின் மருந்து நூல்களில் இரண்டு சந்தனத் தைலங்கள் இடம்பெற்றிருந்தன. ஒன்று நாம் அறிந்த மைசூர்ச் சந்தனம், சாண்டலம் ஆல்பம். மற்றது மேற்கு ஆஸ்திரேலியாவின் வறண்ட புதர்க்காடுகளில் வளரும் மரத்தின் எண்ணெய். அந்த மரத்தை இன்று சாண்டலம் ஸ்பிகேட்டம் என்கிறோம். மைசூர் மரத்துக்குப் பங்காளி முறை என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டுக்கும் போட்ட முக்கிய நிபந்தனை ஒன்றுதான்: எண்ணெயில் இருக்கும் ஆல்கஹால்களை எல்லாம் சாண்டலாலாக, அதாவது சந்தனத்தின் முக்கிய மணப்பொருளாக, கணக்குப் போட்டால் 90 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. இரண்டும் தேறின.

ஆனால் ஒரு துளியை இடது கையிலும் இன்னொன்றை வலது கையிலும் தடவிக்கொண்டு அரை மணி நேரம் கழித்து முகர்ந்து பாருங்கள். சந்தனம் அரைத்த வீட்டில் வளர்ந்த யாருக்கும் எது எது என்று தெரிந்துவிடும். ஒன்று பால் காய்ச்சிய வாசனைபோல மெத்தென்று, கொஞ்சம் இனிப்பாக, அடங்கி நிற்கும். இன்னொன்று உலர்ந்த கட்டை வாசனை. முதலில் லேசான பிசின் நெடி, பின்னால் பூ மாதிரி ஏதோ ஒன்று. இரண்டுமே நல்ல மணங்கள்தான். ஒரே மணம் இல்லை, அவ்வளவுதான். இவ்வளவு வெளிப்படையான வித்தியாசம் அந்த 90க்கு ஏன் தெரியவில்லை என்பதுதான் இந்த ஆய்வின் கேள்வி.

சிறிய அளவில் அத்தர் கலப்பதும், தெரிந்த சோப்புக்காரர்களுக்கு எண்ணெய் பார்த்து வாங்கித் தருவதும் என் வேலை. இந்தக் கேள்வி எனக்கு நூலிலிருந்து வரவில்லை. ஒரு குப்பியிலிருந்து வந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் மரம்.

சேகும் வாலையும்

சந்தன மரத்தில் எண்ணெய் இருப்பது நடுக்கட்டையிலும் வேரிலும்தான். வைரம் பாய்ந்த அந்தப் பகுதியைத்தான் சேகு என்கிறோம். வெளியே இருக்கும் வெள்ளைக் கட்டையில் மணம் கிடையாது. இலையிலும் பூவிலும் கூடக் கிடையாது. சேகு பிடிக்கவே பத்து ஆண்டு போல ஆகும். மரம் அரை ஒட்டுண்ணி. பக்கத்து மரங்களின் வேரில் தன் வேரைப் பொருத்திக்கொண்டு நீரையும் சத்தையும் உறிஞ்சும். அதனால் எந்த மண், எந்தத் துணை மரம், எவ்வளவு மழை என்பதெல்லாம் சேகின் வளர்ச்சியில் தெரியும். பாறையும் வறட்சியுமான இடத்தில் மெதுவாக வளர்ந்த மரத்தில் சேகு நன்றாக இருக்கும் என்று ஜவ்வாது மலைப் பக்கம் சொல்வார்கள். மறையூரும் மழை மறைவுப் பிரதேசம்தான்.

வயது எண்ணெயின் அளவை மட்டுமல்ல, சேர்மானத்தையும் மாற்றும். இந்திய வன ஆய்வாளர்கள் அளந்ததில், பத்து வயது மரத்தின் சேகில் எண்ணெய் 0.2 முதல் 2 சதவீதம், அந்த எண்ணெயில் சாண்டலால் 85 சதவீதம் அளவில் இருந்தது. முதிர்ந்த மரத்தில் எண்ணெய் 2 முதல் 6 சதவீதம், சாண்டலால் 90க்கு மேல். இளமரத்து எண்ணெயில் சாண்டலீன் என்ற ஹைட்ரோகார்பன்களின் பங்கு கூடுதல். அவை லேசானவை, சீக்கிரம் பறந்துபோகும். பென்சில் சீவின வாசனைக்குக் கிட்டத்தில் இருக்கும்.

அப்புறம் வடிப்பு. சாண்டலால்கள் கொதிப்பதே 300 டிகிரி செல்சியஸ் பக்கம். நீராவியோடு சேர்ந்து அதைவிடக் குறைந்த வெப்பத்தில் வெளியே வரும் என்றாலும், மெதுவாகத்தான் வரும். கட்டையைச் சீவிப் பொடியாக்கி, வாலை என்ற வடிகலத்தில் இட்டு இரண்டு நாள், மூன்று நாள் விடாமல் வடிக்க வேண்டும். முதலில் வருவது லேசான சாண்டலீன். கனமான சாண்டலால்கள் பின்னால்தான் வரும். விறகும் கூலியும் மிச்சம் என்று பாதி நேரத்தில் நிறுத்தினால் மெலிந்த எண்ணெய்தான் கையில் நிற்கும். அதிக வெப்பத்தில் அவசரப்படுத்தினால் கருகல் வாடை ஏறும். சரியாக வடித்த புது எண்ணெயிலும் கொஞ்சம் வாலை வாடை இருக்கத்தான் செய்யும். சில வாரம், சில மாதம் ஆறப் போட்டால் போய்விடும். அந்தப் பொறுமைக்கு எந்தச் சான்றிதழிலும் இடமில்லை.

இன்னொரு சிறு சிரமமும் உண்டு. சந்தன எண்ணெயின் ஒப்படர்த்தி 0.968 முதல் 0.983 வரை. தண்ணீருக்கு மிக அருகில். மற்ற எண்ணெய்போல் சட்டென்று மேலே மிதக்காது. பால்போல் கலங்கி, நேரம் எடுத்துப் பிரியும். வடிப்பவரின் கை இங்கேயும் தெரியும்.

சேகு வெட்டி வரும் கிடங்கிலேயே தரம் என்ற சொல்லுக்கு வேறு பொருள் இருக்கிறது. திருப்பத்தூர் அரசுக் கிடங்கானாலும் கர்நாடகக் கிடங்குகளானாலும், ஏலத்தில் கட்டையைப் பழைய பெயர்களில் வகை பிரிப்பார்கள்: விலாயத் புத், சைனா புத், பஞ்சம், ஜஜ்போகல், மில்வா சில்தா என்று பட்டியல் நீளும். விலாயத் புத் என்றால் பழுதில்லாத திரண்ட கட்டை, ஒன்று 9 கிலோவுக்குக் குறையாமல், டன்னுக்கு 112 கட்டைக்கு மிகாமல் இருக்க வேண்டும். சைனா புத்துக்கு 4.5 கிலோ. செதுக்கு வேலைக்காரருக்கும் ஏற்றுமதிக்கும் ஏற்ற கணக்கு இது. எண்ணெய்க்காரர் தேடுவதோ வேர். கட்டையைவிட வேரில்தான் எண்ணெய் அதிகம். அப்போது முதல் தரம் எது? கிடங்கின் பேரேட்டில் ஒன்று, வாலைக்காரரின் கணக்கில் இன்னொன்று.

மைசூர் மூக்கு

உலகம் சந்தன மணம் என்று நினைத்துக்கொள்வது பெரும்பாலும் மைசூரின் மணம். அதற்கு வரலாற்றுக் காரணம் இருக்கிறது. 1792இல் திப்பு சுல்தான் சந்தனத்தை அரச மரமாக அறிவித்தார். அதாவது யார் நிலத்தில் நின்றாலும் மரம் அரசுக்கு. பின்னால் வந்த ஆட்சிகளும் அதையே பிடித்துக்கொண்டன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டைதான் கப்பலேறியது. வடிப்பு பெரும்பாலும் ஜெர்மனியில் நடந்தது. 1914இல் போர் மூண்டதும் அந்த வழி அடைபட்டது. கிடங்குகளில் கட்டை தேங்கியது.

அப்போது நால்வடி கிருஷ்ணராஜ உடையார் மன்னர், விஸ்வேஸ்வரய்யா திவான், ஆல்ஃபிரட் சாட்டர்டன் தொழில் துறையில். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியர் சட்பரோவின் குழு வடிப்புச் சோதனைகளைச் செய்தது. 1916இல் பெங்களூரில் அரசு எண்ணெய் ஆலை, அடுத்து மைசூரிலும் ஒன்று. மைசூர் சாண்டல் சோப்பு பிறந்ததும் அந்த முயற்சியின் தொடர்ச்சியாகத்தான்.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று. அந்த ஆலைகளுக்கு வந்த மரம் காட்டில் தானாக வளர்ந்தது, முதிர்ந்தது. வாலை பெரியது, வடிப்பு நீண்டது. மூலப்பொருள் ஒரே இடத்திலிருந்து, ஒரே கை வழியாக, ஆண்டுதோறும் ஒரே மாதிரி வந்தது. பாரிசின் வாசனைத் தயாரிப்பாளருக்கும் கன்னோஜின் அத்தர்க்காரருக்கும் அதே எண்ணெய்தான் போனது. இப்படி ஒரே மணம் ஐம்பது அறுபது ஆண்டு கிடைத்துக்கொண்டே இருந்தால், அதுவே இலக்கணமாகிவிடும். 90 சதவீதம் என்ற எண் அந்த எண்ணெய்க்கு ஒரு துணைக் குறிப்பு மட்டுமே. மணத்துக்கு மைசூர் என்ற பெயரே ஈடு.

90இன் கதை

அந்த எண் வாசனைக்காக வைக்கப்பட்டதில்லை. நுண்ணுயிர்க் கொல்லிகள் வராத காலத்தில் மேகவெட்டை நோய்க்கும் சிறுநீர்ப் பாதைத் தொற்றுக்கும் சந்தனத் தைலம் மாத்திரை உறையில் அடைத்துக் கொடுக்கப்பட்டது. மருந்து நூலில் அது இடம்பிடித்த காரணம் அதுதான். மருந்துக்கடைக்காரருக்குத் தெரிய வேண்டியது, குப்பியில் இருப்பது ஆமணக்கெண்ணெயோ தேவதாரு எண்ணெயோ கலந்த சரக்கா என்பது.

சோதனை முறை எளிது. எண்ணெயை அசிட்டிக் அன்ஹைட்ரைடோடு காய்ச்சினால் அதிலுள்ள ஆல்கஹால்கள் எஸ்டராக மாறும். எவ்வளவு மாறியது என்று காரம் கொண்டு அளந்து, அத்தனையும் சாண்டலால் என்று வைத்துக் கணக்குப் போடுவார்கள். இந்த 'என்று வைத்து' என்பதில்தான் விஷயமே இருக்கிறது. சாண்டலாலில் ஆல்பா, பீட்டா என்று இரண்டு முக்கிய வகை உண்டு. அந்தச் சோதனைக்கு ஆல்பா சாண்டலாலும் தெரியாது, பீட்டா சாண்டலாலும் தெரியாது. ஃபார்னசால், நியூசிஃபெரால் என்று வேறு ஆல்கஹால்கள் வந்து நின்றாலும் சாண்டலால் என்றே எண்ணிக்கொள்ளும். வாசலில் நின்று வேட்டி கட்டியவரை மட்டும் எண்ணிவிட்டு, எல்லாரும் மாப்பிள்ளை வீட்டார் என்று எழுதிக்கொள்வது மாதிரி.

மணத்தின் கணக்கு இதற்கு நேர் எதிராகப் போகிறது. மைசூர் எண்ணெயில் ஆல்பா சாண்டலால் ஏறத்தாழ பாதி. அதன் மணம் மென்மையான கட்டை மணம், வலுக்குறைவு. நாம் சந்தனம் என்று உணரும் அந்தப் பால் மணத்தைப் பெரும்பாலும் சுமப்பது பீட்டா சாண்டலால். அது ஆல்பாவில் பாதிகூட இருக்காது. ஆக மொத்த ஆல்கஹாலை எண்ணும்போது, எண்ணிக்கையில் பெரும்பகுதி மணத்தில் சிறிய பங்குள்ள பொருளுக்கே போகிறது.

இப்போது மேற்கு ஆஸ்திரேலியாவுக்கு வருவோம். அங்கிருந்து சந்தனக் கட்டை 1840களிலிருந்தே கிழக்கு ஆசியாவுக்கு ஏற்றுமதி ஆனது, முக்கியமாகச் சீனாவின் ஊதுவத்திக்கு. எண்ணெய் எடுக்கும் முயற்சி வேகம்பிடித்தது முதல் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில். பெர்த் நகரத்து வடிப்பாளர்களுக்கு ஒரு சிக்கல்: நேரே வடித்த ஸ்பிகேட்டம் எண்ணெய் 90ஐ எட்டவில்லை. அதை மறுபடி பகுதி பகுதியாகப் பிரித்து வடித்து, லேசான ஹைட்ரோகார்பன்களை ஒதுக்கி, ஆல்கஹால் மிகுந்த பகுதியை மட்டும் சேர்த்தார்கள். எண் 90ஐத் தாண்டியது. மருந்து நூலில் ஆஸ்திரேலியச் சந்தனத் தைலம் என்று தனித் தலைப்பே கிடைத்தது.

இதில் ஏமாற்று எதுவும் இல்லை. பெயரிலேயே ஆஸ்திரேலியா என்று சொல்லிவிட்டுத்தான் விற்றார்கள். எண்ணெய் ஒளியைத் திருப்பும் கோணம் போன்ற மற்றச் சோதனைகளும் இரண்டையும் பிரித்துக் காட்டும். அந்த வடிப்பாளர்களின் திறமையை நான் மதிக்கிறேன். கிடைத்த மரத்திலிருந்து ஒழுங்கான சரக்கை உருவாக்கினார்கள். என் வருத்தமெல்லாம் அதன் பின்விளைவைப் பற்றியது. வேறு மணமுள்ள ஓர் எண்ணெயை அதே எண்ணுக்குள் கொண்டுவந்து நிறுத்த முடியும் என்பது அப்போதே நிரூபணமாகிவிட்டது. ஆனால் சந்தை அந்த எண்ணைக் கைவிடவில்லை. அடுத்த எழுபது ஆண்டு 90 சதவீதம் என்றால் சுத்தம் என்றே பேச்சு ஓடியது.

கியூ ஆய்வகம் கண்டது

கேஸ் குரோமட்டோகிராபி பரவலான பிறகு நிலைமை மாறியது. இந்தக் கருவி எண்ணெயிலுள்ள ஒவ்வொரு பொருளையும் தனித்தனியாகப் பிரித்து, எது எவ்வளவு என்று சொல்லும். 2002இல் திருத்தி வெளியான ஐ.எஸ்.ஓ. 3518 என்ற சர்வதேசத் தரநிலை, சாண்டலம் ஆல்பம் எண்ணெயில் ஆல்பா சாண்டலால் 41 முதல் 55 சதவீதம், பீட்டா சாண்டலால் 16 முதல் 24 சதவீதம் என்று வரம்பு வைத்தது. இரண்டின் உச்சத்தையும் கூட்டினாலும் 79தான் வரும்.

2004இல் லண்டன் கியூ தாவரவியல் பூங்காவின் ஆய்வாளர்கள் சந்தைச் சரக்கையும் பழைய சேகரிப்பில் இருந்த எண்ணெய்களையும் இந்தக் கருவியில் ஏற்றினார்கள். சந்தனம் என்ற பெயரில் ஓடும் பல மரங்களின் எண்ணெயும் அதில் இருந்தது. கருவி காட்டிய கணக்கில் ஒன்றுகூட 90 சதவீத சாண்டலாலை எட்டவில்லை. ஆல்பம் என்று விற்கப்பட்டவற்றில் பெரும்பாலானவற்றில் ஆல்பாவும் பீட்டாவும் சேர்ந்து 50 முதல் 70 சதவீதம். சந்தையிலிருந்து எடுத்த எண்ணெய்களில் ஐ.எஸ்.ஓ. வரம்புக்குள் வந்தவை ஏறத்தாழ பாதிதான். 90 என்ற அளவுகோலையே மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று சொல்லி, ஆல்பா 43, பீட்டா 18 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்கட்டும் என்று அவர்கள் பரிந்துரைத்தார்கள்.

இதை எப்படிப் படிப்பது? எல்லாம் கலப்படம் என்று சிலர் எடுத்துக்கொண்டார்கள். அது சரியில்லை. நல்ல மைசூர் எண்ணெயிலும் இந்த இரண்டு சாண்டலால்களுக்கு அப்பால் எபி-பீட்டா சாண்டலால், பெர்கமோட்டால், லான்சியால் என்று வேறு ஆல்கஹால்கள் இருக்கின்றன. பழைய சோதனை அவற்றையும் சேர்த்து எண்ணி 90ஐ எட்டியது. புதிய கருவி தனித்தனியாகக் காட்டியது. இரண்டும் தத்தம் அளவில் பொய் சொல்லவில்லை. அளந்த பொருள்தான் வேறு.

2009இல் ஸ்பிகேட்டத்துக்கென்று ஐ.எஸ்.ஓ. 22769 வந்தது. ஆல்பா 15 முதல் 25, பீட்டா 5 முதல் 20, ஃபார்னசால் 2.5 முதல் 10 சதவீதம். என்னைக் கேட்டால் இது ஆஸ்திரேலிய மரத்துக்குக் கிடைத்த மரியாதை. மைசூரின் நிழலில் நின்று பாஸ் மார்க் வாங்க வேண்டிய நிலை போய், அதற்கென்று ஒரு முகம் வந்தது. ஃபார்னசால் ஐரோப்பாவில் ஒவ்வாமைப் பொருளாக லேபிளில் எழுத வேண்டியவற்றுள் ஒன்று. அதனால் எந்த மரம் என்பது தோலில் தடவும் பொருள் செய்பவருக்கு வெறும் ரசனை விஷயமும் இல்லை.

என் குப்பி

சொன்ன குப்பி இதுதான். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வியாபாரியிடம் 100 கிராம் வாங்கினேன். மைசூர் வகை என்று சொன்னார். சான்றிதழில் ஆல்கஹால் 91 சதவீதம் என்று இருந்தது. மூடியைத் திறந்ததும் நன்றாக இருந்தது, கைவசம் நேரமும் இல்லை, வாங்கிவிட்டேன். ஒரு வாரம் கழித்து மல்லிகை அத்தரில் கலந்தபோது அடித்தளம் பொருந்தவே இல்லை. மல்லிகை மேலே தனியாக நிற்கிறது, கீழே ஏதோ உலர்ந்த கட்டை வாசனை தனியாகக் கிடக்கிறது. ஒட்டவில்லை.

மிச்சத்தை ஆய்வகத்துக்கு அனுப்பினேன். ஆல்பா சாண்டலால் ஐ.எஸ்.ஓ.வின் கீழ் வரம்பைத் தொடவில்லை. ஸ்பிகேட்டம் எண்ணெயில் வரும் ஃபார்னசாலும் பிசபோலாலும் தெளிவாகத் தெரிந்தன. இரண்டு மரத்து எண்ணெயும் கலந்த சரக்கு என்பதுதான் அதற்குப் பொருத்தமான விளக்கம். வியாபாரியிடம் போனேன். அவர் அதே சான்றிதழை எடுத்து நீட்டினார். அதில் எழுதியிருந்த 91 உண்மைதான். பழைய முறையில் அளந்தால் அப்படித்தான் வரும். பொய் சான்றிதழில் இல்லை. மைசூர் வகை என்று வாயால் சொன்ன சொல்லில் இருந்தது. பணம் திரும்பவில்லை. அன்றிலிருந்து ஆல்பா, பீட்டா இரண்டும் தனித்தனியாக எழுதாத தாளை நான் ஏற்பதில்லை.

ஆனால் அந்தக் குப்பி எனக்குக் கற்றுக்கொடுத்ததில் பெரிய பகுதி ஆய்வகத் தாளுக்கு முன்பே வந்துவிட்டது. அத்தர் கலந்த அன்றே கைக்குத் தெரிந்துவிட்டது. கன்னோஜில் இதைத்தான் பரம்பரையாகச் செய்கிறார்கள்.

கன்னோஜின் தரம்

உத்தரப் பிரதேசத்துக் கன்னோஜில் சந்தன எண்ணெய் தனியாக நிற்கும் சரக்கு இல்லை, பாத்திரம் மாதிரி. தேக் என்ற செப்புக் கலத்தில் ரோஜாவோ தாழம்பூவோ தண்ணீரோடு வேகும். அதிலிருந்து மூங்கில் குழாய் வழியாக ஆவி இறங்கி, தண்ணீர்த் தொட்டியில் அமிழ்ந்திருக்கும் பப்கா என்ற கலத்துக்குள் போகும். பப்காவில் முன்கூட்டியே சந்தன எண்ணெய் ஊற்றியிருப்பார்கள். பூவின் மணம் அந்த எண்ணெயில் போய்த் தங்கும். மறுநாள் அடியில் சேர்ந்த நீரை இறக்கிவிட்டு, புதிய பூ போட்டு மறுபடி. இப்படிப் பல நாள். சுட்ட மண்ணிலிருந்து மழை மணம் எடுக்கும் மிட்டி அத்தரும் இதே வழிதான். கடைசியில் தோல் குப்பியில் ஊற்றி வைத்தால் மிச்ச ஈரம் தோல் வழியே வெளியேறும்.

இந்த வேலைக்கு நல்ல சந்தன எண்ணெய் என்றால் என்ன? பூவை அமுக்கக் கூடாது. பூ போன பிறகும் தோலில் நிற்க வேண்டும். பூவையும் கட்டையையும் வேறு வேறாக உணரவிடாமல் ஒன்றாக்க வேண்டும். சாண்டலால்கள் கனமானவை, மெதுவாக ஆவியாகுபவை. பூவின் லேசான மூலக்கூறுகளைப் பிடித்துவைக்க உதவுவது அந்தக் குணம்தான். கருகல் வாடையோ பிசின் நெடியோ இருந்தால் ரோஜாவில் உடனே தெரிந்துவிடும். அத்தர்க்காரர் புறங்கையில் தடவிக்கொண்டு வேறு வேலை பார்ப்பார்; மணிக்கணக்கில் கழித்துத்தான் முகருவார். 90 என்ற எண்ணை அவர் கேட்பதே இல்லை.

சந்தனம் எட்டாத விலைக்குப் போனபோது முதலில் அடிவாங்கியது இவர்கள்தான். பல இடங்களில் பப்காவில் சந்தன எண்ணெய்க்குப் பதிலாகப் பாரஃபின் எண்ணெயும் தாலேட் வகைக் கரைப்பான்களும் வந்துவிட்டன. அவற்றுக்குச் சொந்த மணம் கிடையாது. பூ தங்குகிறது, ஆனால் கீழே தாங்கும் மரம் இல்லை. கன்னோஜ் அத்தருக்குப் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. பப்காவின் அடியில் எது இருக்கிறது என்பதுதான் என் கவலை.

குனனூராவின் 15 ஆண்டு

விலை ஏறியதன் காரணம் தெரிந்ததே: அரசுக்கே மரம் என்ற சட்டம், அதனால் நடுவதில் யாருக்கும் அக்கறை இல்லாமை, கடத்தல், சந்தன மரத்தைக் கொல்லும் ஸ்பைக் நோய். கர்நாடகம் 2001இலும் தமிழ்நாடு 2002இலும் சட்டத்தைத் திருத்தி, பட்டா நிலத்து மரம் நட்டவருக்கே சொந்தம் என்றன. ஆனால் 2002இல் நட்ட கன்று இன்னும் முழு முதிர்ச்சிக்கு வரவில்லை.

அந்த இடைவெளியில் மேற்கு ஆஸ்திரேலியா இரண்டாவது முறையாகக் கதைக்குள் வந்தது, இம்முறை நம் மரத்தோடு. வடகோடியில் குனனூரா என்ற ஊர், ஓர்டு ஆற்றுப் பாசனம். 1999 முதல் டி.எஃப்.எஸ். என்ற நிறுவனம் அங்கே சாண்டலம் ஆல்பம் தோப்புகளை நட்டது, துணை மரங்களோடு, பாசன நீரோடு. நட்டு ஏறத்தாழ 15 ஆண்டில் அறுவடை. நிறுவனம் 2017இல் குவின்டிஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டு, 2018இல் நிதி நெருக்கடியில் நிர்வாகிகள் கைக்குப் போனது. அது முதலீட்டாளர் கதை. இங்கே எண்ணெயை மட்டும் பார்ப்போம்.

மரம் அதே இனம். தோப்பு எண்ணெய் ஐ.எஸ்.ஓ. 3518 வரம்புக்குள் வருகிறது. வெட்டிய மரம் ஒவ்வொன்றுக்கும் கணக்கு உண்டு. கடத்தல் கட்டை கலக்க வழியில்லை. அறுவடைக்கு அறுவடை சீராகவும் இருக்கிறது. பெரிய வாசனை நிறுவனத்துக்கும் மருந்து ஆய்வுக்கும் இதைவிட வசதியான சரக்கு வேறில்லை. அவர்கள் அகராதியில் தரம் என்றால் சீர்மை, வந்த வழி தெரிவது, சட்டச் சிக்கல் இல்லாமை. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். காட்டு மரத்தைக் காப்பாற்றும் வழியும் அதுதான்.

மணம்? நான் முகர்ந்த தோப்பு எண்ணெய்கள் சுத்தமானவை, தெளிவானவை, முதல் இரண்டு மணி நேரம் அழகானவை. பழைய முதிர்மரத்து எண்ணெயில் வரும் அந்தக் கனம், அடியில் கிடக்கும் லேசான புளிப்பும் நெய் மணமும், எனக்குக் கிடைக்கவில்லை. 15 வயதுச் சேகையும் 40 வயதுச் சேகையும் ஒரே வரம்பு ஏற்றுக்கொள்கிறது. 41 முதல் 55 என்பது அகலமான கதவு. கதவின் அந்த ஓரத்தில் நுழைந்த எண்ணெயும் இந்த ஓரத்தில் நுழைந்ததும் தாளில் ஒரே வகுப்பு.

இதைச் சொன்னால் பழைய நினைவில் மயங்கிப் பேசுகிறாய் என்பார்கள் சிலர். பாதி உண்மை இருக்கலாம். என் பாட்டி வீட்டுச் சந்தனக்கல்லில் கேட்ட மணம்தான் எனக்கு அளவு. ஆனால் அரைத்த சந்தனமும் வடித்த எண்ணெயும் ஒன்றில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கல்லில் தண்ணீர் விட்டு அரைக்கும்போது சூடு ஏறுவதில்லை. கட்டையில் உள்ளது அப்படியே வருகிறது. வாலையில் இரண்டு நாள் வெந்த எண்ணெயில் அந்தப் பச்சை மணம் குறையும். உயர் அழுத்தக் கார்பன் டை ஆக்சைடு கொண்டு குறைந்த வெப்பத்தில் எடுக்கும் எண்ணெய் சந்தனக்கல்லுக்கு இன்னும் கிட்ட வருகிறது. ஆக, மைசூர் எண்ணெய்தான் அசல் மணம் என்பதும் ஒரு வடிப்பு முறையின் பழக்கம்தான்.

இதற்கிடையில் வாடிக்கையாளரின் மூக்கும் மாறிக்கொண்டிருக்கிறது. சாண்டலோர், ஜவனால், பாக்டனால் என்று ஆய்வகத்தில் செய்யும் சந்தன மணப்பொருள்கள் சோப்பு, பவுடர், ஊதுவத்தி எல்லாவற்றிலும் இருக்கின்றன. ஜவனால் மிகச் சிறிய அளவிலேயே அறை முழுக்கப் பரவும். அதில் பழகியவரிடம் உண்மையான சந்தனத் தைலத்தை நீட்டினால், "என்னங்க, மூடியைத் திறந்தா மணமே வரலையே" என்கிறார். நல்ல சாண்டலால் முதல் முகர்வில் அமைதியாகத்தான் இருக்கும். உடம்புச் சூட்டில்தான் எழும். கடையில் இரண்டு நிமிடம் மட்டும் நிற்பவரிடம் அது தோற்றுப்போகிறது. எடுத்த எடுப்பில் பலமாக வீசும் சந்தனக் குப்பியைக் கண்டால் நான் எச்சரிக்கையாகிவிடுவேன்.

இப்போது நான் பார்க்கும் முறை

முதலில் தாள். தாவரப் பெயர் வேண்டும். வெறும் சந்தனம் என்ற சொல் போதாது. ஹைத்தியிலிருந்து வரும் அமைரிஸ் எண்ணெயையும் மேற்கிந்தியச் சந்தனம் என்றுதான் விற்கிறார்கள், அது எலுமிச்சைக் குடும்பத்து மரம். ஆல்பா, பீட்டா, ஃபார்னசால் மூன்றும் தனித்தனி எண்ணில் வேண்டும். மரத்தின் வயது, கட்டையா வேரா, எந்த முறையில் எத்தனை மணி நேரம் வடித்தது, எப்போது வடித்தது என்று கேட்பேன். கடைசிக் கேள்விகளுக்குப் பதில் சொல்லத் தெரிந்தவரிடம் பெரும்பாலும் எண்ணெயும் நன்றாக இருக்கிறது.

தாள் தேறினால் அடுத்தது மூக்கு. மூன்று தாள் பட்டைகள்: ஒன்றில் புதிய எண்ணெய், ஒன்றில் நான் நம்பிவைத்திருக்கும் பழைய எண்ணெய், ஒன்றில் ஸ்பிகேட்டம். ஐந்து நிமிடம், ஒரு மணி நேரம், மறுநாள் காலை, மூன்றாம் நாள். ஐந்து நிமிடத்தில் கண்டுபிடிக்கக்கூடியது வாலை வாடையும் கரைப்பான் நெடியும். ஒரு மணி நேரத்தில் ஃபார்னசாலின் பூ மணம் இருந்தால் வெளியே வரும். மறுநாள் காலையில் சாண்டலீன் எல்லாம் போய், சாண்டலால் மட்டும் மிஞ்சும். இளமரத்து எண்ணெய் மெலிவது அங்கேதான் தெரியும். மூன்றாம் நாள் பட்டையை வீட்டில் வேறு யாரிடமாவது கொடுத்து, என்ன வாசனை என்று மட்டும் கேட்பேன். பெயரைச் சொல்ல மாட்டேன்.

போன மாதம் பட்டா நிலத்து மரம் ஒன்றின் எண்ணெய் வந்தது. நட்டவரே வெட்ட அனுமதி வாங்கி, ஏலத்துக்குப் பின் சிறிய வாலையில் வடித்தது. ஆல்பா கீழ் வரம்பை ஒட்டி நின்றது. தாளை மட்டும் பார்த்திருந்தால் சுமார் என்று ஒதுக்கியிருப்பேன். மூன்றாம் நாள் பட்டையை அம்மாவிடம் கொடுத்தேன். முகர்ந்துவிட்டு, விபூதித் தட்டு எங்கே என்று தேடினார்.